புகையும் கல்லும் புதிய மாளிகைகளும்

ஒகேனக்கல் என்பது கன்னடப் பெயர் என்று சொல்லி நம்மவர் பலர் அதனை அயலாகக் கருதுவதுண்டு. உண்மையில் அது நம் வீட்டுச் சொல்லின் மறுவடிவமே. தமிழில் மொழிமுதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் காலப்போக்கில் ஹகரமாகத் திரிந்தது. பால் அங்கே ஹாலு ஆயிற்று. பள்ளி ஹள்ளி ஆயிற்று. நம் மாவட்டத்து மாரண்டஹள்ளியே அதற்குச் சான்று. அவ்வாறே புகை ஹொகெ ஆயிற்று. புகையும் கல் என்பதே ஒகேனக்கல். பாறையில் மோதிச் சிதறும் காவிரியின் நீர்த்திவலை புகைபோல் எழுவதைக் கண்டவன் எவனோ, அவன் தமிழனோ கன்னடனோ, மிகப் பொருத்தமாகவே பெயரிட்டுச் சென்றிருக்கிறான். மாணவரை அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் இதை அருவியின் எதிரில் நின்று சொல்வது என் வழக்கம். நீரின் இரைச்சலில் பாதிப் பேருக்கு அது காதில் விழுவதில்லை என்பது வேறு செய்தி.

அண்மைக் காலமாக ஒரு கேள்வி தருமபுரியில் படித்தவர் கூடும் இடங்களில் எல்லாம் எழுகிறது. இத்தனை புகழ் வாய்ந்த அருவிக்கரையில் ஒரு நட்சத்திர விடுதி உண்டா? பெங்களூரிலிருந்து காரில் வருபவர் தங்குவதற்கு என்ன இருக்கிறது? வெளிநாட்டார் வந்தால் எங்கே படுக்க வைப்பது? தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும், தனியார் நடத்தும் சில தங்குமிடங்களும் போதுமா? பெரிய நிறுவனங்கள் வந்தால் மாவட்டமே செழிக்காதா? கேட்பவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. பின்தங்கிய மாவட்டம் என்ற பட்டத்தை நெடுங்காலம் சுமந்தவர்களின் ஏக்கம் அது. ஆயினும் அந்தக் கேள்விக்கு விடை கூறுமுன் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. மாளிகை எழுந்தபின் ஆற்றங்கரை யாருடையதாக இருக்கும்?

ஒகேனக்கல் தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர். பென்னாகரத்தைக் கடந்தபின் சாலை காட்டுக்குள் இறங்குகிறது. யானைகள் குறுக்கே கடக்கும் சாலை அது. எதிர்க்கரை கர்நாடகக் காடு. சந்தனக்கடத்தல் வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று இதே மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்படும்வரை, இந்தக் காட்டின் பெயரைக் கேட்டாலே வெளியூரார் தயங்கினர். 2000ஆம் ஆண்டில் கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டு நூற்றுச்சொச்சம் நாள் காட்டில் வைக்கப்பட்டிருந்த காலத்தில் அந்த அச்சம் உச்சத்தில் இருந்தது. அப்போதும் மக்கள் வராமல் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு வந்தனர், அமாவாசைக்கு வந்தனர், ஞாயிறுதோறும் லாரியிலும் வேனிலும் வந்தனர். கட்டுச்சோறும் நல்லெண்ணெய்ப் புட்டியும் கொண்டு வந்து, குளித்துவிட்டு மாலையிலேயே திரும்பினர். 'ரோஜா' படத்தின் பாடற்காட்சி வழியாக 1992இல் நாடு முழுவதும் இந்த அருவியைக் கண்டது. ஆனால் பெருமுதலாளிகளின் கண் இங்கே தங்கவில்லை. காடும் அச்சமும் நெடுநாள் காவல் காத்தன என்றே சொல்லலாம்.

அந்த இடைவெளியில் எளிய மக்கள் தமக்கென ஒரு பொருளாதாரத்தை இங்கே கட்டிக் கொண்டனர். முதலில் பரிசல் ஓட்டிகள். மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தித் தார் பூசிய அந்தக் கூடைக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. ஒற்றைத் துடுப்பால் அதைச் செலுத்துவது பார்ப்பதற்கு எளிது. நம்மிடம் துடுப்பைக் கொடுத்தால் நின்ற இடத்திலேயே சுழல்வோம். (அகராதியில் பரிசில் என்ற சொல்லுக்குக் கொடை என்றும் ஓடம் என்றும் இரு பொருள் உண்டு. ஆற்றைக் கடக்க முடியாதவனுக்கு ஓடமும் ஒரு கொடைதான் என்று நம் முன்னோர் கருதினரோ என நான் விளையாட்டாக எண்ணுவதுண்டு, சொல்லாராய்ச்சியாளர் பொறுத்தருள்க.) அடுத்து, பாறை நிழலில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அமர்ந்து உடம்பு பிடித்து விடுபவர்கள். அதற்கடுத்து மீன் விற்பவர், அந்த மீனை வாங்கிக் கொடுத்தால் நம் கண்முன்னே வறுத்துக் குழம்பும் வைத்துத் தரும் பெண்கள். அடுப்பு அவர்களுடையது, கைப்பக்குவம் அவர்களுடையது. இவர்களுள் எவருக்கும் மாதச் சம்பளம் இல்லை. வருபவன் கையில் உள்ள காசு அன்றே அவர்கள் கைக்கு வருகிறது. இடையில் எந்த அலுவலகமும் இல்லை.

சென்ற முறை எங்களை அழைத்துச் சென்ற பரிசல்காரரிடம் மாணவன் ஒருவன், "அண்ணே, வருசம் முழுக்க வேலை இருக்குமா?" என்று கேட்டான். அவர் துடுப்பை நிறுத்தாமலே சொன்னார்: "மேல தண்ணி நிறைய விட்டாலும் வேலை இல்லப்பா. விடலேன்னாலும் வேலை இல்ல. அளவா விட்டா எங்களுக்குச் சோறு."

கர்நாடக அணைகளிலிருந்து மிகையாக நீர் திறக்கப்பட்டால் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் தடை விதிக்கப்படுகிறது. 2018 ஆகஸ்டிலும் 2024 மழைக்காலத்திலும் ஆற்றில் நீர் ஓர் இலட்சம் கனஅடிக்கு மேல் பெருக்கெடுத்தபோது வாரக்கணக்கில் இங்கே ஒருவரும் ஆற்றில் இறங்க முடியவில்லை. கோடை கடுமையானால் பாறைகள் மட்டுமே மிஞ்சும். 2015இல் பரிசல் கவிழ்ந்து உயிர்கள் பறிபோன துயரத்தையும் நாம் மறக்கலாகாது. உயிர்காப்பு உடை அணியாமல் ஏறுவேன் என்று அடம்பிடிக்கும் இளைஞர்கள் அதைக் கருத்திற் கொள்ள வேண்டும். ஆக, இயற்கையும் இரு மாநில அரசியலும் சேர்ந்து ஆட்டுவிக்கும் ஓர் ஊசலின் நுனியில் இவர்கள் பிழைக்கிறார்கள். இத்தகைய இடத்தில் மூன்றாவதாக ஒரு வலிய கை வந்து கரையைப் பற்றினால் என்ன நேரும் என்பதை மற்ற நாடுகளின் பட்டறிவு காட்டுகிறது.

கரீபியக் கடலில் உள்ள கியூபாவை எடுத்துக்கொள்வோம். 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அமெரிக்கத் தடையால் நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்த தீவு அது. சோவியத் ஒன்றியம் வீழ்ந்தபின் பிழைப்புக்காகச் சுற்றுலாவின் கதவைத் திறந்தது. 1997இல் தொடங்கி, குடிமக்கள் தம் வீட்டு அறைகளை முறையான உரிமம் பெற்று வெளிநாட்டார்க்கு வாடகைக்கு விட வழி பிறந்தது. அடுக்களையில் காப்பி கலந்து கொடுத்த குடும்பத்தலைவிக்கு நேரே வருவாய் வந்தது. பிறகு பெரிய மாளிகைகள் வந்தன. 2017இல் ஹவானா நகரின் நடுவில், பழைய வணிக வளாகம் ஒன்றின் மேல்தளங்களில், கெம்பின்ஸ்கி என்னும் ஐரோப்பிய நிறுவனத்தின் நிர்வாகத்தில் ஐந்து நட்சத்திர விடுதி ஒன்று திறக்கப்பட்டது. அரசு ஊழியரின் மாதச் சம்பளம் ஏறத்தாழ 30 டாலராக இருந்த நாட்டில், அங்கே ஓர் இரவுக்கான வாடகை அதனினும் பன்மடங்கு. கீழ்த்தளக் கடைகளின் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளூரார் விலைச்சீட்டைப் படித்துப் பார்த்து நகர்ந்ததைச் செய்தியாளர்கள் எழுதினர். 2024 அக்டோபரில் அந்நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போய் மக்கள் இருளில் கிடந்தனர். அதே நகரில் 42 மாடி விடுதியொன்று வேலை முடிந்து 2025இல் திறக்கப்பட்டது. பொதுவுடைமை பேசும் நாட்டிலேயே இந்நிலை என்றால், பேசாத நாடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

அத்துணை தொலைவு போவானேன்? தமிழ் பேசும் மண்ணிலேயே சான்று உண்டு. இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடா, ஆழமற்ற அமைதியான கடலுக்குப் பெயர் பெற்ற கரை. போர்க்காலம் முழுவதும் அது உலகத்துக்கு மூடியே கிடந்தது. 2004 ஆழிப்பேரலையும் அதைத் தாக்கியது. 2009இல் போர் முடிந்ததும் அரசு அதனைச் சுற்றுலா வலயமாக அறிவித்து நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்தது. 2011 முதல் ஒன்றன்பின் ஒன்றாக ஆடம்பர விடுதிகள் வரிசையாக எழுந்தன. படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் சுருங்கிவிட்டது என்று அங்குள்ள மீனவர் முறையிட்டனர். வெடிகுண்டுக்குத் தப்பிய கரை வேலிக்குத் தப்பவில்லை. விடுதிகளில் வேலை கிடைத்தது உண்மை. ஆனால் சொந்தப் படகின் தலைவனாக இருந்தவனுக்குத் தோட்டக்காரன் வேலை எந்த அளவுக்கு ஈடாகும் என்பதை அவனிடம்தான் கேட்க வேண்டும்.

மாலத்தீவின் கதை இன்னும் கூர்மையானது. நம் தமிழ்க் கரையோடு பழைய வணிகத் தொடர்புடைய அந்த முஸ்லிம் நாட்டில் 1972இல் முதல் சுற்றுலா விடுதி திறக்கப்பட்டது. அதன்பின் கடைப்பிடிக்கப்பட்ட முறை இதுதான்: ஆளில்லாத் தீவு ஒன்று, அதில் விடுதி ஒன்று. மக்கள் வாழும் தீவு வேறு, விருந்தினர் தங்கும் தீவு வேறு. மதுவும் கடற்கரை உடையும் தம் பிள்ளைகளின் கண்ணில் படாமல் இருக்க இது வசதி என்று சமயப்பற்றுடையோர் பலர் மனநிறைவு கொண்டனர். அந்த நிறைவில் ஒரு நியாயமும் இருந்தது. ஆனால் அதே சுவர் வருவாயையும் சேர்த்துத் தடுத்தது. உலகின் செல்வர் எல்லாம் தம் கடலுக்கு வந்து போக, பக்கத்துத் தீவின் மீனவனுக்கு அவர்களில் ஒருவனுக்கேனும் ஒருவேளைச் சோறு விற்கும் வாய்ப்பு இல்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 2009-10 வாக்கில்தான் மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தகங்கள் நடத்த அனுமதி பிறந்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் உள்ளூர்க் குடும்பங்கள் விருந்தகம் நடத்தத் தொடங்கின. ஊரின் ஒழுக்கம் கெடவில்லையா என்று கேட்கலாம். அங்கே மது விற்பனை இல்லை. கடற்கரை உடைக்குத் தனி இடம் ஒதுக்கினர். மக்கள் தம் நெறியைத் தாமே காத்துக்கொண்டு தம் வருவாயையும் தாமே ஈட்டினர்.

விருந்து என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. தொல்காப்பியத்தில் அச்சொல் புதுமை என்னும் பொருளில் வருகிறது; புதிதாக வருபவர் என்ற பொருள் அதிலிருந்து விரிந்ததே. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் நாம் பேசும் ஊருக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. தருமபுரியே சங்க காலத் தகடூர். அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், பலரைக் கூட்டிக்கொண்டு பலநாள் சென்றாலும் அவன் முகம் மாறாதவன் என்று புறநானூற்றில் சான்று பகர்கிறார். நெல்லிக்கனி கொடுத்த கதையை எல்லோரும் சொல்கிறோம். நான் பெரிதாக மதிப்பது இந்தச் செய்தியைத்தான். கூட்டமாக வருகிறவனை, மறுபடியும் வருகிறவனை, கையில் ஒன்றும் இல்லாமல் வருகிறவனை முகஞ்சுளிக்காமல் ஏற்ற மண் இது. நட்சத்திர விடுதியின் வாயிற்காவலன் முதலில் திருப்பி அனுப்புவது இம்மூவரையுமே.

நம் மார்க்கமும் இதில் பேசாமல் இல்லை. வழிப்போக்கனை ஸகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் ஒருவனாகத் திருக்குர்ஆன் வைத்திருக்கிறது. நீர், மேய்ச்சற்புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. மதீனாவில் ரூமா என்னும் கிணற்றின் உரிமையாளன் நீரை விலைக்கு விற்று வந்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விருப்பத்தை அறிந்த ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அதனை விலைக்கு வாங்கி அனைவர்க்கும் பொதுவாக்கினார்கள். முதலில் பாதி உரிமையையே அவர்கள் வாங்கினார்கள் என்பது ஒரு வரலாற்றுக் குறிப்பு: அவர்கள் முறை வரும் நாளில் மக்கள் இரண்டு நாளைக்கு வேண்டிய நீரை இலவசமாக முகந்து வைத்துக்கொண்டனர், மறுநாள் விலைகொடுத்து வாங்க ஆளில்லாது போக, உரிமையாளன் மீதிப் பாதியையும் விற்றுவிட்டான். பொதுநீருக்கு விலைச்சுவர் எழுப்புவோரை வெல்ல இதனினும் நயமான வழி எது?

நீரைப் பற்றிப் பேசும்போது இம்மாவட்டத்தின் தனித் துயரையும் சொல்லியாக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பல்லில் கறையும் எலும்பில் வளைவும் கொண்ட தலைமுறைகளை நாம் கண்டிருக்கிறோம். என் வகுப்பறையிலேயே கண்டிருக்கிறேன். இதற்கு மருந்தாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பிற்று; எல்லைச் சிக்கல் பேசப்பட்டது; பணி சிறிது காலம் நிறுத்தவும் பட்டது. இறுதியில் 2013இல் திட்டம் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு குடம் நல்ல நீருக்கு இத்தனை போராடிய மாவட்டம், அதே ஆற்றங்கரையில் நீச்சற்குளமும் புல்வெளியும் எத்தனை வேண்டும் என்பதை முதலிலேயே அளந்து சொல்ல வேண்டாமா? காடும் அவ்வாறே. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. யானை நடமாட்டமுள்ள இந்தக் காட்டுத் தொடரின் அருகே இரவெல்லாம் எரியும் விளக்குகளுக்கு எத்தனை இடம் தரலாம் என்பதும் அளந்தே சொல்ல வேண்டிய ஒன்று.

இவ்வளவும் சொல்வதால், இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று நான் கூறுவதாகக் கொள்ளற்க. ஒகேனக்கலின் இன்றைய நிலையில் வெட்கப்பட வேண்டியன பல உண்டு. பாறை இடுக்குகளில் உடைந்த மதுப்புட்டிகள், எண்ணெய்ப் பொட்டலங்கள், மீன் முள்ளும் இலையும் மிதக்கும் நீர். பெண்கள் உடை மாற்றுவதற்குப் போதிய இடமில்லை. எங்கள் துறையின் பெண் விரிவுரையாளர்கள் இருவர் சேலையை இருபுறமும் பிடித்துத் திரையாக நிற்க, அதன் மறைவில் மாணவியர் ஒவ்வொருவராக உடை மாற்றினர். புர்கா அணிந்து வந்த மாணவியர் சிலர் இறங்கவே இல்லை. கரையில் அமர்ந்து மற்றவர்களின் செருப்புகளைக் காத்தனர். அருவியை இருபதடித் தூரத்தில் வைத்துக்கொண்டு அதில் நனையாமல் திரும்பிய அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு மறக்கவில்லை. இக்குறையை ஆடம்பர விடுதி தீர்க்காது. அது தன் விருந்தினர்க்குத் தனிக்குளியலறை கட்டிக்கொள்ளும். கரையில் உள்ளவர் நிலை மாறாது.

எனவே முறையை மாற்றுவோம். முதலில் பொதுக்கரை. பெண்களுக்கெனத் தனித்துறையும் உடைமாற்றும் அறைகளும் தூய கழிப்பிடங்களும். அடுத்து, பள்ளி கல்லூரி மாணவரும் ஏழைக் குடும்பங்களும் ஓரிரவு தங்கக் குறைந்த வாடகைக் கூடங்கள். அதற்கடுத்து, ஊட்டமலையிலும் பென்னாகரம் வட்டாரத்துச் சிற்றூர்களிலும் உள்ளவர் தம் வீட்டில் ஓர் அறையைச் செப்பனிட்டு விருந்தினரை வைத்துக்கொள்ள உரிமமும் சிறு கடனும் பயிற்சியும். கேரளத்துக் குமரகத்தில் 2008 முதல் ஒரு முயற்சி நடந்து வருகிறது: அங்குள்ள விடுதிகள் தமக்கு வேண்டிய காய்கறி, மீன், பால் போன்றவற்றை உள்ளூர்க் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிடமும் உழவரிடமும் வாங்குகின்றன. அது எல்லாம் நிறைந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பணம் ஊருக்குள் சுற்றி வர ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள்.

இவை நடந்தபின் பெரிய விடுதி வர விரும்பினால் வரட்டும். பென்னாகரம் பக்கத்தில், காட்டுக்கும் ஆற்றுக்கும் விலகி வரட்டும். பரிசல் துறைகளில் ஓர் அடியைக்கூட வேலியிடமாட்டோம் என்றும், தம் விருந்தினர்க்கெனத் தனிப் படகுகள் வைக்கமாட்டோம் என்றும், உரிமம் பெற்ற உள்ளூர்ப் பரிசல்காரரையே அழைப்போம் என்றும், மீன் வறுக்கும் பெண்களின் அடுப்பைச் சுகாதாரம் என்ற பெயரால் அகற்றக் கோரமாட்டோம் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும். எழுதிக் கொடுத்ததை மாவட்ட நிர்வாகம் அருவிக்கரையில் ஒரு பலகையில், தமிழிலும் கன்னடத்திலும், எல்லோரும் படிக்கும் அளவில் எழுதி வைக்கட்டும்.

அன்று திரும்புகையில், கரையில் இறங்கியதும் அதே பரிசல்காரரிடம் இந்த விடுதிப் பேச்சைச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல் பரிசலைக் கவிழ்த்து நீரை வடித்தார். பிறகு, "வரட்டும் சார், நல்லதுதானுங்க. ஆனா இந்த எடத்துல நாங்க எறக்கலாமா கூடாதான்னு மட்டும் முன்னாடியே கேட்டுச் சொல்லுங்க" என்றார். யாரிடம் கேட்டுச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை; அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.